எண்ணெய் தடவாத அச்சு

அண்ணன் மகளுக்கு எட்டு வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் அமெரிக்காவில். அங்கே அண்ணனுக்கு வேலை போனதும் எல்லோரும் ஆலங்குடிக்கே வந்துவிட்டார்கள். அண்ணனும் அண்ணியும் வேலை தேடிச் சென்னைக்குப் போக, பிள்ளை என்னோடு இருந்தாள். நான் பத்தாவது வரை படித்தவள். யாரிடமும் அதிகம் பேசிப் பழகாதவள். அவளும் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவாள், கேட்டதற்குத் தலையாட்டுவாள். எங்கள் வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது.

தீபாவளி முடிந்த பிறகு ஒருநாள், தன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தகட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். கண்ணாடி போலத் தெளிவான தகடு. அதில் குழிகுழியாகப் பூசணிக்காய், வௌவால், பேய்.

"அத்தை, வெள்ளிக்கிழமை ஹாலோவீன். நானும் அம்மாவும் இதுல சாக்லேட் செய்வோம். பிள்ளைங்க பேய் வேஷம் போட்டு வீடு வீடா வந்து கேப்பாங்க, நாம குடுக்கணும். இங்க செய்யலாமா?"

வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அது நடக்காமல் போனால் மறுபடி எதையும் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படிப்பட்ட பிள்ளையாக இருந்தவள்தான்.

பஸ் ஏறிப் புதுக்கோட்டை போய், கேக் சாமான் விற்கும் கடையில் கட்டிச் சாக்லேட் வாங்கி வந்தேன். மழை பெய்து குளிர்ந்திருந்ததால் உருகாமல் வந்து சேர்ந்தது. அரிவாள்மணையில் அதைச் சீவினோம். சட்டியில் தண்ணீரைச் சூடாக்கி, மேலே கிண்ணத்தை வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே விழாமல் உருக்கினோம். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் நல்லெண்ணெயை விரலில் தொட்டு அச்சின் குழிகளில் நன்றாகத் தடவிவிட்டேன். இட்லித் தட்டோ தோசைக்கல்லோ, எண்ணெய் காட்டாமல் எதையும் ஊற்றிய கை இல்லை இது.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்துக் கவிழ்த்தால், எல்லாம் திட்டுத்திட்டாக மங்கிப்போய் விழுந்தன. பூசணிக்காயின் கண் எண்ணெய் தேங்கி மூடிக்கிடந்தது. அவள் ஒரு பேயை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"அத்தை, இந்தப் பேய் இட்லிப்பொடி வாசம் அடிக்குது."

"எண்ணெ தடவுனேன்த்தா. ஒட்டிக்குமேன்னு."

"அம்மா தடவ மாட்டாங்க. துணியால தொடைப்பாங்க, அவ்ளோதான்."

அவள் முகம் வாடவில்லை. ஆனால் பார்வை தரைக்குப் போய்விட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாதிக் கட்டி இன்னும் மிச்சம் இருந்தது. அச்சைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் காயவைத்து, பழைய பருத்திப் புடவைத் துணியால் பளபளவென்று துடைத்தேன். மறுபடி உருக்கி ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். எண்ணெய் இல்லாமல் எப்படி விடும்? கத்தி வைத்து நெம்பினால் பேயின் தலை போய்விடுமே.

கொஞ்ச நேரம் கழித்துத் தகட்டை எடுத்து அடிப்பக்கம் பார்த்தேன். ஈரம்போல் ஒட்டிக் கறுத்திருந்த குழிகள் ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டிருந்தன. சாக்லேட் குளிரக் குளிரத் தானாகவே சுருங்கி அச்சை விட்டு விலகுகிறது என்று அவள் சொன்னாள். துணியை விரித்துக் கவிழ்த்தேன். தட்டக்கூட இல்லை. உதிர்ந்தன. வௌவாலின் சிறகில் நரம்பு நரம்பாகக் கோடு. பேயின் உச்சந்தலையில் எங்கள் சமையலறை டியூப்லைட் சின்னதாக எரிந்துகொண்டிருந்தது. ஒட்டாமல் இருக்க எதையும் பூசாத ஒன்று, நேரம் வந்ததும் தானே கையில் வந்து விழுகிறது. இத்தனை வருடம் சமைத்தவள், அதைத் தொடப் பயந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பழைய வேட்டியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுப் போர்த்திக்கொண்டு, சாக்லேட் தட்டோடு வாசலில் உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. ஓர் ஆடு வந்து வேட்டி நுனியைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போனது. இந்தத் தெருவில் யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இங்கே பண்டம் செய்தவர்கள்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கல்யாணம், சாவு தவிர நான் எந்த வீட்டுப் படியும் ஏறுவதில்லை. ஆனாலும் தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டேன்.

"எந்திரித்தா. நாம போவோம்."

முதலில் எதிர்வீடு. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துத்தான் திகைத்தார், பேயைப் பார்த்து அல்ல.

"என்னக்கா, அதிசயமா இங்கிட்டு. கூட யாரு, மோகினியா?"

"அண்ணன் மக. சாக்லேட் செஞ்சோம்."

அவர் துணியை விலக்கினார். குனிந்து பார்த்தார். பிறகு ஒரு பேயை விரல் நுனியில் எடுத்தார். "கடையில வாங்குனதுன்னுல்ல நெனைச்சேன். இத முழுங்குனா வயித்துக்குள்ள ஆடாதே?"

வேட்டிக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அவர் தட்டில் இருந்த சாக்லேட்டில் நாலைந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வறுத்த முந்திரியை ஒரு கை அள்ளி வந்து அந்த இடத்தில் வைத்தார். தெருவுக்கு வந்ததும் வேட்டி ஓட்டை வழியாக இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன.

"நான் கேக்கவே இல்லையே அத்தை. ஏன் குடுத்தாங்க?"

"தட்ட வெறுமனே திருப்பிக் குடுக்க மாட்டாங்கத்தா."

"எல்லா வீட்லயுமா?"

"எல்லா வீட்லயும்தான்."

அவள் தெருவின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறந்ததிலிருந்து இருக்கிற தெரு. விளக்குப் போட்ட ஒவ்வொரு வாசலையும் புதிதாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

அடுத்த வீட்டில் முறுக்கு, அதற்கடுத்த வீட்டில் அதிரசம். அவள் முன்னால் ஓட, நான் பின்னால் போனேன். பேய்க்குப் பின்னால் போகிறவளை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. கடைசி வீட்டில் நான் போய்ச் சேர்வதற்குள் அவள் வேட்டியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, அந்த வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எண்ணெ மட்டும் தடவக் கூடாது. அத்தை மொதல்ல தடவிட்டாங்க. அப்புறம் பேயெல்லாம் இட்லிப்பொடி வாசம்."

நான் வாசலிலேயே நின்றேன். அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.