அப்பாவுக்கு வந்த பொன்னாடைகள்

தேர்தலில் வேட்பாளராகியிருக்கும் என் மகள், தனக்குப் போர்த்திய முதல் பொன்னாடையை என் மடியில் போட்டாள். புதுச் சரிகை மணத்தில் நான் சிறு பையனானேன்.

அப்பா எம்.எல்.ஏ.வாக இருந்தபோது எங்கள் திருக்காட்டுப்பள்ளி வீடெங்கும் இதே மணம்தான். வந்த பொன்னாடைகளை அம்மா ஜன்னல் திரைகளாகத் தைத்துவிடுவாள். மதிய வெயிலில் கூடமே பொன்னிறத்தில் மிதக்கும். அந்த வெளிச்சத்துக்குள் ஒருநாள் வயல்காரப் பெண்கள் வந்து, தண்ணீரின்றிக் கருகிய நாற்றை அப்பாவின் காலடியில் கொட்டினார்கள்.

"இதுக்கும் ஒரு பொன்னாடை போத்துங்கண்ணே!"

அப்பா தலைகுனிந்து, "திட்டுங்கம்மா, கேட்டுக்கறேன்" என்றார். அந்த உடைந்த குரல் இன்றும் என்னை உலுக்குகிறது.

"ஆசீர்வாதம் பண்ணுங்கப்பா" என்றாள் மகள்.

"திட்டு வாங்கத் தெரியுமாம்மா உனக்கு?"

"இன்னிக்கே ரெண்டு தெருவுல வாங்கிட்டேன்ப்பா" என்று சிரித்தாள்.

அவள் தலையில் கை வைத்தேன். எடுக்க மனம் வரவில்லை.