ஒன்பது கழுதைகள், பதினெட்டுப் பஞ்சு உருண்டைகள்

முதல் வெடிச் சத்தத்திலேயே ஒன்பது கழுதைகளும் கே.ஜி.கண்டிகைப் பக்கமாக ஓடின. அதற்குக் காரணம் நான்.

நான் ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர். முப்பத்து நான்கு வருட சர்வீஸ். திருத்தணிக்கு வெளியே ஒரு போர்க்கால நகைச்சுவைப் படம் எடுத்தார்கள். கதாநாயகன் வெடிமருந்துப் பெட்டிகளைக் கழுதைகள்மேல் ஏற்றி எதிரி முகாமிலிருந்து தப்பிக்கும் காட்சி. விலங்குகளைத் துன்புறுத்தவில்லை என்று சான்று கொடுக்க ஒரு டாக்டர் வந்தார். நான் அவருக்கு உதவி. பெட்டிகள் வெறும் தெர்மகோல்தானா, மணிக்கொரு முறை தண்ணீர் காட்டினார்களா, வெடி வைக்கும் இடம் நூறு அடி தள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கழுதைக்காரர் முனுசாமி. மணவூர்க்காரர், செங்கல் சூளையில் சுமை அடிப்பவர். "வா நைனா" என்றால் ஒன்பதும் வரும். முதல் நாள் டைரக்டர் அவரைப் பதினொரு முறை பாராட்டினார். என்னை ஒரே முறை கூப்பிட்டார், நாற்காலியை நகர்த்திப் போடச் சொல்லி. என்னைக் கண்டால் கழுதைகள் பின்வாங்கின.

"ஊசி வாசனை தெரியும் சார் அதுங்களுக்கு" என்று முனுசாமி சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் ரிஹர்சலுக்கு முன் அவர் கழுதைகளின் காதில் பஞ்சு வைத்திருந்தார். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார்.

"என்னய்யா இது?"

"வேட்டு வெடிக்கப் போறாங்க இல்ல சார். பஞ்சு வச்சிகினு நின்னா மெரளாதுங்க."

"காதுல எதையும் திணிக்கலாம்னு விதியில இல்ல. எடு."

"டாக்டர் வர்ட்டும் சார், ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"அவர் இல்லாதப்ப நான்தான். எடுய்யா."

பஞ்சு நல்லது என்று எனக்குத் தெரியும். அது எனக்குத் தோன்றாமல் அவருக்குத் தோன்றியதைத்தான் பொறுக்க முடியவில்லை. பதினெட்டு உருண்டைகளையும் எண்ணி வாங்கிக்கொண்டேன்.

ஓடியதில் எட்டு, முனுசாமியின் குரலுக்குத் திரும்பின. ஒரு பெட்டைக் கழுதை வாய்க்காலில் விழுந்து முன்னங்கால் கிழிந்தது. முனுசாமி அதன் தலையை மடியில் வைத்துக்கொள்ள, டாக்டர் ஏழு தையல் போட்டார்.

"கழுதைய ஒழுங்கா புடிக்கத் தெரியாதவன் இன்னாத்துக்கு? நாளைக்கு வேற ஆளு பாக்குறேன்" என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர்.

முனுசாமி என்னைப் பார்த்தார். டாக்டரின் அறிக்கையில் பஞ்சை எடுக்கச் சொன்னது நான் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வேறு ஆள் வந்தது எனக்குப் பதிலாகத்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களுக்குப் பிடிக்காத ஆள் ஒரு பிராணிக்கு நல்லது செய்தால், செய்து முடிக்க விடுங்கள். பொறாமையைப் பிறகு படலாம். நான் இன்னும் பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.