நூற்றொரு தட்டும் ஒரு பென்சனும்

எனக்கு வயதாகும் என்பதை என்னைவிட அரசாங்கம்தான் உறுதியாக நம்பியது. நாற்பதை நெருங்கும் வயதில் சமயநல்லூர் பக்கம் ஒரு நூல்மில்லில் சேர்ந்த முதல் மாதமே சம்பளத்தில் பி.எஃப். பிடித்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் சம்பளச் சீட்டு வாங்கிய முதல் ஆள் நான். அதிலும் பிடித்தமா என்று எரிச்சலாக வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் வரப்போகும் எவனோ ஒரு கிழவனுக்கு நான் ஏன் இப்போதே டீ வாங்கிக் கொடுக்க வேண்டும்?

ஒன்பது வருடம் ஓடியது. கொட்டாம்பட்டியில் கட்டிக்கொடுத்த தங்கச்சியின் மகள் பெரியவளானாள். தாய்மாமன் சீரென்றால் மேளம், கிடாய், வரிசைத் தட்டுகளோடு தெருவே எண்ணிப் பார்க்கும்படி ஊர்வலம் போக வேண்டும். தங்கச்சியின் ஓரகத்தி வீட்டுக்கு ஐம்பத்தொரு தட்டு வந்ததாம். நான் நூற்றொன்று என்று சொல்லிவிட்டேன். வேலையை விட்டதாக எழுதிக் கொடுத்து, இரண்டு மாதம் வீட்டில் இருந்து, பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு திரும்பச் சேர்வது எங்கள் மில்லில் எல்லாரும் செய்கிற சாமர்த்தியம்தான். கணக்கர் மட்டும் தடுத்தார்.

"பி.எஃப்.ப எடுத்துக்கங்கண்ணே, பென்சன் பங்கத் தொடாதீங்க. பத்து வருசம் முடிஞ்சாத்தான் பென்சன். எடுத்துட்டா மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணும்."

அந்தப் பங்கு இருபது தட்டுக்குக் காணும் போலிருந்தது. எடுத்தேன்.

சீர் அமோகம். ஊர் ஒரு வாரம் பேசியது. அடுத்த முகூர்த்தத்தில் யாரோ நூற்றைம்பத்தொன்று கொண்டுவந்தார்கள்.

போன வருடம் ஐம்பத்தெட்டு முடிந்து, மாலை போட்டு அனுப்பினார்கள். திரும்பச் சேர்ந்ததில் இருந்து ஒன்பது வருடம் மூன்று மாதம். பென்சன் கிடையாது. அந்தக் கிழவன் வந்தே விட்டான், கே.கே. நகரில் ஒரு கிளினிக் வாசலில் வாட்ச்மேனாக வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருக்கிறான். முட்டி வலிக்கிறது. இதுவும் முடியாமல் போனால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

போன வாரம் தங்கச்சி மகன் கிளினிக்குக்கே தேடி வந்தான். அன்று சீர் வாங்கியவளின் அண்ணன். அவள் பிள்ளைக்குக் காதுகுத்து, தாய்மாமன் இவன். இவன் கம்பெனியில் நாலு வருடம் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள், பென்சனையும் சேர்த்து எடுக்க வழி கேட்டான். எனக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"எல்லாஞ் சரிதான் மாமா. இருபது தட்டக் கொறச்சுக்கிட்டுத் தங்கச்சி வாசல்ல போயி நிக்க உங்களால முடிஞ்சிருக்குமா?"

முடிந்திருக்காது. இப்போதும் முடியாது. அவன் போனை வாங்கி, பென்சன் பங்கை எடுக்க எங்கே அமுக்க வேண்டும் என்று நானே காட்டினேன்.