கிறுக்கி நிறுத்திய வண்டி

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு நாற்பது கிலோமீட்டர். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறும்போது பிடித்த மழை இறங்கும்வரை விடவில்லை. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் தென்னைகளுக்குப் பின்னால் கடல் என்று சொல்லியிருந்தார்கள். கண்ணாடியில் ஆவி படிந்து இரண்டும் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. கோயில் மணியோ, பள்ளிவாசல் பாங்கோ, யாருடைய கைபேசியோ என்று தெரியாத ஓசைகள் அரைத் தூக்கத்துக்குள் வந்து போயின. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று நடத்துநர் கூவிக்கொண்டே இருந்தார்.

தூத்துக்குடியில் டிசம்பர் பிறந்தால் எங்களுக்குத் தலைகால் புரியாது. கேக், நட்சத்திரம், ஜவுளிக்கடை. கிறிஸ்து பிறப்புக்காக விழித்துக் காத்திருக்கும் திருவருகைக் காலம் என்று ஒன்று இருப்பதே சாமியார் ஊதா உடுப்பில் வரும்போதுதான் நினைவுக்கு வரும். சத்தமில்லாமல் காத்திருக்கும் ஓர் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டே தோழியின் அண்ணன் இக்னேஷியஸ் வீட்டுக்குக் கிளம்பினேன். ஓட்டோ ஓட்டுகிறவர். பஸ் நிலையத்தில் குடையோடு நின்றார்.

வீட்டில் என்னை இறக்கிவிட்டு, ஒடுங்கிய ஒழுங்கைக்குள் வண்டியை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார். மதிலுக்கு அப்பால் ஒரு பெண் குரல் கேட்டது.

"தம்பி, கிறுக்கி வெச்சிட்டீங்களா?"

"ஓம் ராத்தா, கிறுக்கித்தான் நிக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் கிறுக்கு என்றால் பைத்தியம். இல்லாவிட்டால் பிள்ளைகள் சுவரில் செய்வது. புது வண்டியில் எதைக் கிறுக்கினார் என்று சுற்றிவந்து தேடினேன். இக்னேஷியஸ் சிரித்துவிட்டார்.

"திருப்பி வைக்கிறதத்தான் நாங்க கிறுக்கிறது எண்டு சொல்லுற. ரோட்டப் பாத்துக் கிறுக்கி வெச்சா, ஏறின உடன போகலாம்."

யார் ஏற வேண்டும் என்பதை அவர் மனைவி றீற்றா இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். ராத்தா என்று அக்கா முறையில் இக்னேஷியஸ் அழைத்த அந்தக் குரல் பக்கத்து வீட்டு சீனத்தும்மாவுடையது; அவர் மகள் பர்வீன் நிறைமாதம். கணவன் கட்டாரில். முதல் பிரசவமும் இப்படி ஒரு மழையில்தான் வந்தது; வண்டி கிடைக்கவில்லை, பிள்ளை தங்கவில்லை. "இந்த முற அப்படி நடக்கக்கூடா" என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த திருவருகை வளையத்தில் இரண்டு ஊதா மெழுகுதிரிகளை ஏற்றினாள்.

ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பினோம். இக்னேஷியஸ் வீட்டில் கட்டும் சாரத்தோடு நின்றார்.

"நீங்க ரெண்டு பேரும் நடந்து போங்க. நான் வண்டியோட நிக்கிறன்."

எனக்குச் சுருக்கென்றது. கடல் தாண்டி வந்திருக்கிறேன். இவர் தெருமுனைக் கோயிலுக்கு வரமாட்டாராம். பக்கத்து வீட்டில் இன்னும் வலிகூடத் தொடங்கவில்லை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே தண்ணீரில் நடந்தேன்.

கோயிலுக்குள் ஈரக் குடைகளின் மணம். பங்குத்தந்தை மனந்திரும்புதல் பற்றிப் பேசினார். இந்த ஊராரிடம் மனதைக் கிறுக்கி வையுங்கள் என்று சொல்லியிருந்தால் ஒரே சொல்லில் முடிந்திருக்குமே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து வெளியே ஓர் ஓட்டோ விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்தது. றீற்றா என் கையைப் பிடித்தாள். மீதிப் பூசையில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. "அந்தப் பிள்ளையைக் காப்பாத்தும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெண்பிள்ளை, இருவரும் சுகம் என்று முற்பகலில் செய்தி வந்தது. றீற்றா அடுப்படியில் நின்று அழுதாள். நானும் அழுதேன். பர்வீனை நான் இன்னும் பார்த்ததுகூட இல்லை.

மாலை பஸ்ஸுக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மழை விட்டு, வார்டு முழுக்க மங்கிய மஞ்சள் வெளிச்சம் மிதந்தது. பிறந்த பிள்ளையின் காதில் முதலில் சொல்ல வேண்டிய பாங்கை இன்னும் சொல்லவில்லை. தானே சொல்ல வேண்டும் என்று தகப்பன் ஆசைப்பட்டாராம். வேலை முடிந்து அவர் எடுத்த அழைப்பு இக்னேஷியஸின் கைபேசிக்குத்தான் வந்தது. பர்வீன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தலையசைத்தாள். சீனத்தும்மா பிள்ளையை ஏந்திக்கொள்ள, இக்னேஷியஸ் குனிந்து, அந்த வலக்காதருகே கைபேசியைப் பிடித்தார்.

"அண்ணன், புள்ள முழிச்சிருக்கா?"

"நல்ல நித்திர தம்பி. நீங்க சொல்லுங்க."

எங்கோ பாலைவனத்தில் நின்ற ஒரு மனிதரின் குரல் நடுங்கி நடுங்கி எழுந்தது. பக்கத்துக் கட்டில்களிலும் பேச்சு நின்றது. விழித்திருப்பதென்றால் என்ன என்று கேட்டால், அந்த நேரத்தில் குனிந்தபடியே அசையாமல் நின்ற அந்த மனிதரைத்தான் காட்டியிருப்பேன். காலையில் அவர்மேல் வந்த கோபத்தை நினைக்க வெட்கமாக இருந்தது.

பாங்கு முடிந்தது. கட்டாரிலிருந்து மறுபடி குரல் வந்தது.

"அண்ணன், அவக்குக் கேட்டிச்சா?"

இக்னேஷியஸ் பிள்ளையைப் பார்த்தார். சீனத்தும்மாதான் சொன்னார்:

"கேட்டிச்சு மகன். கண்ணத் தொறந்து பாக்கிறா."