வேறு வழி இல்லை என்று சொன்ன நாள்

மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் அட்மிஷன் கவுண்டரில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன். மார்க் ஷீட்டை வாங்கிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். மற்றக் காகிதங்கள்தான் நாளைத் தின்னும். இந்த மாநிலத்தில் நெடுநாள் குடியிருப்பதற்கான டோமிசைல் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். எது இல்லை என்று சொல்வதே கடைசியில் என் வேலையாகிவிட்டது.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு ஜூலை மாதம் தாராவியிலிருந்து ஒரு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. டியூட்டிப் புடவையோடே வந்திருந்தாள். பெண்ணுக்கு எங்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது, நல்ல மார்க். முழுக் கட்டணம் கட்ட முடியாது, சலுகை கேட்டுத்தான் வந்தார்கள். பெண் என்னிடம் ஹிந்தியில் பேசினாள். நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டதும் அம்மா கவுண்டருக்கு இன்னும் நெருங்கி நின்றாள்.

அவர்கள் நீட்டியது திருநெல்வேலிப் பக்கத்துத் தாசில்தார் கொடுத்த ஜாதிச் சான்றிதழ், பெண்ணின் அப்பா பெயரில். அதைத் திருப்பிக் கொடுத்தேன். வெளி மாநிலச் சான்றிதழ் இங்கே எடுபடாது, அரசு குறித்த ஒரு பழைய தேதிக்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததாகக் காட்டினால்தான் இங்கே புதிதாக வாங்கலாம் என்றேன். தன் மாமனார் ரயிலேறி வந்ததே அந்தத் தேதிக்குப் பிறகுதான் என்றாள் அம்மா.

"நான் பொறந்தது சயான்ல. படிச்சது, கட்டிக்கிட்டது எல்லாம் இங்கதான். ஊருக்குப் போனா பம்பாய்க்காரின்னு சொல்லுதாவ. இங்க மதராசின்னு சொல்லுதாவ. இவ எந்த ஊருக்காரி மேடம்?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வேறு வழி ஏதும் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். மணி ஐந்தாகப்போகிறது, முழங்கால் வலி, செம்பூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பெண் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள். பின்னால் நின்றவர் முன்னே வந்துவிட்டார்.

மறுவாரம் ஆபீசுக்காகச் சலுகைப் பட்டியல் ஒன்று தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது கை நின்றது. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் இன்னொரு சலுகை இருக்கிறது. அதற்கு ஜாதிச் சான்றிதழ் வேண்டாம். டோமிசைலும் வருமானச் சான்றிதழும் போதும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் கொடுத்திருந்த நம்பரில் போன் அணைந்து கிடந்தது. இடத்தை உறுதி செய்ய இன்னும் பத்து நாள் இருந்தது. ஒவ்வொருத்தர் பின்னாலும் ஓட முடியுமா என்றார் ஹெட் கிளார்க். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் விண்ணப்பத்திலிருந்த விலாசத்தோடு தாராவிக்குப் போனேன். கல்லூரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை என்பது அந்தச் சந்தில் விசாரித்துக்கொண்டு நடந்தபோதுதான் உறைத்தது.

இரும்பு ஏணி ஏறி மாடி அறை. அம்மா மட்டும் இருந்தாள். பெண் சயானில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிசப்ஷனில் சேர்ந்து மூன்று நாளாகிறது என்றாள். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அன்று நான் சொன்னது தப்பு, வழி இருக்கிறது என்றேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றாள். பிறகு எழுந்து கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் அவள் படித்து முடித்தபோது வாங்கிய சான்றிதழ் பெட்டியில் இருந்தது. பிறந்த இடம் மும்பை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது; பெண்ணுக்கு டோமிசைல் வாங்க அது ஆதாரமாகும். திங்கட்கிழமை லீவு போட்டு, சான்றிதழ் கொடுக்கும் சென்டருக்கு அவளோடு போனேன். பள்ளிச் சான்றிதழில் அவள் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று வக்கீலிடம் அஃபிடவிட் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிப் போனால் சர்வர் வேலை செய்யவில்லை. அடுத்த முறை, ரேஷன் கார்டின் பின்பக்க நகல் இல்லை. மொத்தம் நான்கு நடை. அவள் ஒவ்வொரு முறையும் இரவு டியூட்டி முடித்து நேராக வந்து வரிசையில் நின்றபடியே கண்ணை மூடிக்கொள்வாள். எங்களுக்குள் பேச்சு குறைவு. என் பையனுக்கு இதே சான்றிதழ் வாங்கியபோது என் கணவரின் ஆபீஸ் பியூன் போய் வாங்கி வந்தான் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.

சான்றிதழ் வந்தது, கடைசித் தேதி முடிந்து நாலாவது நாள். அந்த இடம் வெயிட்டிங் லிஸ்டில் இருந்த வேறொருவருக்குப் போயிருந்தது. பிரின்சிபாலிடம் பேசிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அட்மிஷன் மூடிவிட்டது, நான் என்ன செய்ய என்றார்.

பெண் அந்த வருஷம் முழுக்க லேபில் இருந்தாள். மறு ஜூலையில் திரும்ப விண்ணப்பித்தாள், இடம் கிடைத்தது, சலுகையும் கிடைத்தது. ஃபார்மை என் கவுண்டரில்தான் கொடுத்தாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஹிந்தியில் கேட்டாள். இருக்கிறது என்று நான் தமிழில் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

வெளியே அம்மா நின்றிருந்தாள். "ஒரு வருசம்தான யக்கா போச்சு, விடுங்க" என்றாள். பெண்ணோடு வகுப்பில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகள் அப்போது இரண்டாம் வருஷத்துக்கு ஃபீஸ் கட்ட அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய் அடுத்த ஃபார்மை வாங்கினேன்.