மத்தியானம் அவிழும் கொண்டை

பம்பு மெக்கானிக் ஒருவர் ஐம்பத்தெட்டு வயதில் கொண்டை போடக் கற்றுக்கொள்கிறார் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். பட்டறையில் சிரித்தார்கள். "அண்ணன் இனிமே ஸ்பேனரை வச்சுட்டுச் சீப்பைத்தான் புடிக்கப் போறாரு" என்றார் வெல்டர். மெக்கானிக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதில் அவருக்கு முப்பது வருட அனுபவம் உண்டு. வீட்டிலும் அப்படித்தான் இருந்தார்.

அவர் மனைவியின் முடி இடுப்பைத் தாண்டி முழங்காலைத் தொடப் பார்க்கும். நீளம் மட்டும் என்றால் பரவாயில்லை. அடர்த்தி, சுருள், அதற்கு மேல் பிடிவாதம். சீப்பின் பல் உடையும், ரப்பர் பேண்டு அறுந்து சுவரில் தெறிக்கும். ஆனால் அவள் கைக்கு மட்டும் அது பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்த்தவள் அவள். சுழலும் எந்திரங்களுக்கு நடுவே ஒரு கற்றை தொங்கினாலும் ஆபத்து. அதனால் காலையில் மெக்கானிக் டீ குடிக்கும்போது, அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிகூடப் பார்க்காமல், முடியை அள்ளி முறுக்கிச் சுற்றி, நுனியை அடியில் செருகி, இரண்டு ஊசி குத்திவிடுவாள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். தலைக்குக் குளித்த நாளில் தளர்வாக ஒரு கொண்டை, படுக்கும்போது உச்சியில் ஒன்று. எல்லாம் கைப்பழக்கம்.

அந்தக் கைதான் போயிற்று. ஒரு நாள் லாண்டரியில் போர்வை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம் என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறலாக மிஞ்சியது. சக்கர நாற்காலியில் வீடு வந்து சேர்ந்தாள்.

வந்த முதல் வாரமே பின்னல் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. தலையை அசைக்க முடியாமல் இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறாள். பக்கத்து வீட்டம்மா பார்த்துத்தான் விடுவித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து வந்த மகள், "கழுத்தோட வெட்டிடலாம்மா. யாரு தினமும் இதோட மல்லுக்கட்டுறது?" என்றாள்.

மனைவிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. வேண்டாம் என்று இடது கையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. வீட்டு விஷயத்தில் வாயே திறக்காத மெக்கானிக் அன்று வாயைத் திறந்தார்.

"வெட்ட வேண்டாம். நான் போட்டு விடறேன்."

"நீங்களா?" என்று அம்மாவும் மகளும் சேர்ந்து கேட்டார்கள்.

முப்பது வருடம் தினமும் பார்த்தது, இதில் என்ன பெரிய வித்தை என்று இறங்கினார். ஊசியைக் காதில் குத்தினார், முடியை இழுத்து அவளை "ஐயோ" சொல்ல வைத்தார். ஒரு வாரத்தில் பார்ப்பதற்குக் கொண்டை மாதிரியே ஒன்று வந்தது. ஆனால் நிற்கவில்லை. காலை எட்டு மணிக்குப் போட்டால் பன்னிரண்டு மணிக்குள் சரசரவென்று அவிழ்ந்து தோளில் விழுந்தது.

மறுபடி சக்கரத்தில் மாட்டினால்? அந்தப் பயத்தில் மெக்கானிக் மத்தியானம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். பட்டறை நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. ஆனால் முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட மத்தியானம் அவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. டிபன் பாக்ஸைப் பட்டறையிலேயே பிரித்துச் சாப்பிட்டு, அங்கேயே கட்டையைச் சாய்ப்பதுதான் வழக்கம். இப்போது வந்தார். வந்தவர் கொண்டையைத் திரும்பப் போட்டார். வந்ததே வந்தோம் என்று அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். வெல்டர் அளந்த பொய்களைச் சொன்னார். அவள் குழறிக் குழறி எதிர்வீட்டுச் சண்டையைச் சொன்னாள். அரை மணி நேரம் ஒரு மணி நேரமாயிற்று.

"இன்னிக்கும் நிக்கலையா?"

"நிக்கல" என்பாள், துளி வருத்தமில்லாமல்.

"சே, நானெல்லாம் ஒரு மெக்கானிக்!"

நாலு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் வால்வு வாங்கப் பஸ்ஸில் போனார். முன் சீட்டில் ஒரு பெண். காற்றில் பறந்த முடியை அள்ளி, முறுக்கி, சுற்றி, பையிலிருந்த பேனாவைச் செருகினாள். மெக்கானிக் வாயைப் பிளந்தார். ஒருத்தி கொண்டை போடுவதை முதுகுப் பக்கமிருந்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் முறுக்கியதும் வலம், சுற்றியதும் வலம். அவரோ, போல்ட்டை முடுக்கும் பழக்கத்தில் வலமாக முறுக்குவார். எதிரே உட்கார்ந்து பார்த்தபோது இடமாகத் தெரிந்ததை அப்படியே நினைவில் வைத்துக்கொண்டு இடமாகச் சுற்றுவார். முறுக்கு ஒரு பக்கம், சுற்று ஒரு பக்கம். எந்தக் கொண்டை நிற்கும்? இறங்க வேண்டிய நிறுத்தம் போனதுகூடத் தெரியவில்லை அவருக்கு.

மறுநாள் போட்ட கொண்டை ராத்திரி வரை அசையவில்லை. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? எப்படி!"

அவள் இடது கையால் பின்னால் தொட்டுப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு மத்தியானம் வருவீங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? அதான் கெட்டியா நிக்குதே!"

இந்த இடத்தில் அவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கிறது. ஆனால் அவர் கெட்டவரில்லை. சீசன் வேலை குவிந்து கிடந்தது. டிபன் பாக்ஸ் மறுபடி பட்டறைக்குப் போனது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் சாப்பாடு கொடுக்கப் போன பக்கத்து வீட்டம்மா பட்டறைக்கு ஓடி வந்தார். இவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. கொண்டை குலையவில்லை. ஒரே ஒரு ஊசி மட்டும் அவள் இடது உள்ளங்கையில் இருந்தது. தானாக விழுந்ததை எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தார்.

இரண்டு வாரம் கழித்து மகள் ஊருக்குக் கிளம்பினாள். அம்மாவின் முடி அப்படியே அவளுக்கு வாய்த்திருந்தது. ஊசி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக், "கடைசி கடைசியிலயாவது சரியாப் போடக் கத்துக்கிட்டேன். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்றார்.

மகளுக்குத் தாங்கவில்லை. உடைந்து அழுதாள்.

"நீங்க மாத்திச் சுத்தறீங்கன்னு, மத்தியானம் வர ஆரம்பிச்சதுக்கப்புறம் நான் வந்த முதல் ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும்ப்பா. சொல்ல வந்தேன். அம்மாதான் கையைப் புடிச்சுக்கிட்டு, 'சொல்லிடாதடி. சரியாப் போட்டா சாயங்காலம் வரைக்கும் நிக்கும். நின்னா இந்த மனுஷன் மத்தியானம் எதுக்கு வீட்டுக்கு வரப் போறாரு?'ன்னு சொன்னாங்க."

மெக்கானிக் கையிலிருந்த ஊசி டப்பாவைப் பார்த்தார். அந்த ஊசி தானாக விழவில்லை என்பது அவருக்கு இப்போது புரிந்தது. ஒரு கையை வைத்துக்கொண்டு அவளால் ஒன்றைத்தான் பிடுங்க முடிந்திருக்கிறது. பட்டறையில் தனியாக அவர் டிபன் பாக்ஸைப் பிரித்த அந்தப் பதினோரு மத்தியானங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். வாய்விட்டு அழுதார்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று. "இங்க உட்காரு" என்று மகளைத் தன் முன்னால் உட்கார வைத்தார். முடியை அள்ளி வலமாக முறுக்கினார். இடமாகச் சுற்றினார். இரண்டு ஊசி குத்தினார்.

மகள் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, இது நிக்காதேப்பா."

"தெரியும்மா" என்றார் மெக்கானிக். "அவுந்துச்சுன்னா வா. அப்பா மறுபடி போட்டு விடறேன்."