ஹோஸ்ட்ஸ் பைலுக்குள் ஒரு கடப்பு

கணினி திருத்துற கடையில முதல் பழுது கணினியில இருக்கிறதில்லை, அதைக் கொண்டு வாற ஆள் சொல்ற கதையிலதான் இருக்கு. "நான் ஒண்டும் செய்யல்ல, தானா வந்தது" எண்டு சொல்லாத வாடிக்கையாளர் ஒருத்தரை மட்டக்களப்பில நீங்க கண்டிருந்தா, எனக்கும் ஒருக்காக் காட்டுங்க. இந்தத் தொழிலில தலையைக் குடுத்திட்டு முழிக்கிற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். எனக்குப் புதினம் அறியிற குணம் கொஞ்சம் கூட. பழுதைத் திருத்தினாப் போதாது, ஆர் செய்தது எண்டும் தெரிய வேணும்.

வைரஸோட வந்த பிள்ளை

கொக்கட்டிச்சோலையில இருந்து கஜந்தினி எண்ட பிள்ளை மடிக்கணினியைத் துவாயில சுத்திக்கொண்டு வந்தா. பின்னால தகப்பன், வயலுக்குப் போட்ட சேட்டோடயே. பிள்ளைக்குக் கொழும்புக் கம்பனி ஒண்டில, வீட்டில இருந்தே செய்யிற வேலைக்குத் தேர்வு. வீடியோவில முகம் காட்டிக்கொண்டு எழுத வேணும். அந்த வீடியோத் தளம்தான் திறக்குதில்லை. ரவுட்டரை மாத்தியாச்சாம், வைரஸும் தேடியாச்சாம். பேஸ்புக், யூடியூப் எல்லாம் போனில பார்க்கிறதால, கணினியில அதுகள் திறக்குதோ இல்லையோ எண்டு அவ கணக்கெடுக்கவே இல்லை. தகப்பன் வாசலில நிண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனில எழுத விடமாட்டாங்களாம் அக்கா. நாளைக்குக் காலையில இது திறக்காட்டி எனக்கு அந்த வேலை இல்ல."

மாஸ்டரின் பழுது

குறிப்பிட்ட ஒரு தளம் மட்டும் திறக்காட்டி நான் முதல் பார்க்கிறது ஹோஸ்ட்ஸ் பைலைத்தான். ஒரு தளத்தை இணையத்தில தேடப் போறதுக்கு முன்னம், கணினி தன்ட வீட்டுக்குள்ளேயே வழி விசாரிக்கிற இடம் அது. அதில பிழையான வழியை எழுதிவிட்டா, கணினி அதை நம்பி வெளியில காலே வைக்காது.

இது எனக்கு நல்லாப் பதிஞ்சது தன்னாமுனை மாஸ்டர் ஒருவராலதான். படம் வரையிற மென்பொருள் புதுப்பிக்குதில்லை எண்டு வந்தார். பைலைத் திறந்து பார்த்தா, அந்த மென்பொருள் தன்ட கம்பனியோட கதைக்கவே ஏலாதபடி வரிவரியா அடைச்சிருக்கு. இதென்ன புதினம் எண்டு எல்லாத்தையும் துடைச்சுப் பழையபடி ஆக்கிக் குடுத்தன். உடன மென்பொருள் கம்பனியோட கதைச்சுது. இது களவுப் பிரதி எண்டு திரையில பெரிசா எழுதிச்சுது. மாஸ்டர் சுத்திவரப் பார்த்திட்டு, குரலைத் தணிச்சுச் சொன்னார்:

"தங்கச்சி, முந்தி இருந்த பழுதையே திருப்பிப் போட்டுத் தாங்க."

அடைச்ச கை

கஜந்தினியின்ட பைலைத் திறந்தன். அட கடவுளே! ஹாஷ் குறி (#) போட்ட, கணினி கணக்கெடுக்காத வழமையான வரிகளுக்குக் கீழே பேஸ்புக், யூடியூப், பாட்டுத் தளங்கள், கடைசியில அந்த வீடியோத் தளம். எல்லாத்துக்கும் முன்னால இந்தக் கணினியின்ட சொந்த எண். போற வழியை எல்லாம் வீட்டு வாசலுக்கே திருப்பிவிட்டிருக்கு. பிள்ளைக்கு விருப்பமானதை மட்டும் பொறுக்கி அடைக்க வைரஸுக்கு என்ன அக்கறை? பைல் கடைசியா மாறின காலத்தைப் பார்த்திட்டு, "ஏலெவல் சோதினை நேரம் இதை ஆர் தொட்டது?" எண்டு கேட்டன்.

பிள்ளை முழிச்சா. தகப்பன் ரோட்டை விட்டுட்டு மகளைப் பார்த்தார். சோதினை நேரம் பிள்ளை கூட்டாளிமாரோட வீடியோவில கதைச்சுக்கொண்டு இருக்கக்கூடாது எண்டு, பக்கத்து வீட்டுத் தம்பியைப் பிடிச்சு எழுதுவிச்சது அவர்தானாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, மனுசன் நிண்ட நிலையைப் பார்க்கப் பாவமாயும் இருந்தது.

"வெள்ளாமை நிக்கக்குள்ள மாடு பூராம வயல் வட்டைக்குப் போற வழிக் கடப்ப அடைக்கிறல்லா, அப்பிடித்தான் மகள் அடைச்சன். வெட்டி முடிஞ்சாத் திறக்கணும். அத மறந்து போனன்."

பழையபடி

நிர்வாகி அனுமதியோட நோட்பேடைத் திறந்து, அந்தத் தம்பி கூட்டி எழுதின வரிகளை மட்டும் அழிச்சன். ஹாஷ் வரிகள் இருந்தபடி இருக்கட்டும். சேமிக்கக்குள்ள பைலின்ட பேருக்குப் பின்னால 'டெக்ஸ்ட்' எண்ட வால் ஒட்டாமல் பார்க்க வேணும். வால் ஒட்டினா கணினி அதை ஏறெடுத்தும் பாராது. இதில மாட்டுப்பட்டு என்னட்ட ஓடி வந்த ஆக்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. கணினி நினைவில வச்சிருந்த பழைய வழிகளையும் துடைச்சுவிட, வீடியோத் தளம் திறந்து கஜந்தினியின்ட முகம் திரையில வந்தது. பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. எட்டிப் பார்த்த தகப்பன், மகளுக்குப் பக்கத்தில தன்ட தலையும் தெரியிறதைக் கண்டு சட்டெண்டு விலகினார். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. கண்ணைத் துடைச்சிட்டு, தகப்பனைக் கடைக்கண்ணால பார்த்தபடி பிள்ளை கேட்டா:

"மறுகா ஆரும் அடைக்காம இருக்க இதுக்கொரு பூட்டு இருக்கா அக்கா?"

அடுத்த நாள் போன்

காலையில எனக்கு ஒரு வேலையும் ஓடல்ல. ஆரும் கணினியோட வந்தாலும் கண் போனிலதான். ஒருவழியாப் பகல் சாப்பாட்டு நேரம் கஜந்தினி போன் எடுத்தா. தளம் திறந்ததா எண்டு நான் கேட்டு முடிக்க முதல், பிள்ளை சிரிச்சுக்கொண்டே சொன்னா:

"நல்லா எழுதிட்டன் அக்கா. முடியுமட்டும் அப்பா வாசல் கடப்படியில கதிரை போட்டிருந்து, தபால்காரரையும் உள்ள விடல்ல."

ஹோஸ்ட்ஸ் பைலைப் பழையபடி ஆக்க எனக்குத் தெரியும். தகப்பன்மாரைப் பழையபடி ஆக்கிற விதம்தான் இன்னும் பிடிபடல்ல.